நின்றது

வேலை அட்டையில் நான் எழுதியது மூன்றே சொற்கள்: "வண்டி தண்ணீரில் நின்றது." அந்தக் கடைசிச் சொல்லை இன்று எத்தனை முறை வாசித்தேனோ தெரியாது. வாசிக்க வாசிக்க ஆத்திரம்தான் வருகிறது. முதலில் என் மேல், அப்புறம் சித்தப்பா மேல். மேலாளர் மேல் வந்தது வேறு வகை. வேலையிடத்தில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், நான் மெக்கானிக் வேலை படிக்கும் மாலை வகுப்பில். எனவே வரிசைப்படியே எழுதுகிறேன்.

கார் பழுதுபார்க்கும் பட்டறையில் முன்மேசைதான் என் இடம். வருகிறவர் சொல்வதைச் சொன்னபடியே அட்டையில் எழுத வேண்டும், நம் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. அதுதான் விதி. அட்டைக்கு அடியில் கார்பன் தாள், அதற்கும் அடியில் ஒரு இளஞ்சிவப்பு நகல். வேலை முடிந்ததும் நகலைக் கிழித்து வண்டிக்காரரிடம் கொடுப்போம். நகலை மேலாளர் எழுதச் சொன்னதில்லை, கார்பன் தானே எழுதிவிடும்.

நேற்று பிற்பகல் தையல்காரம்மாவின் சின்ன காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பள்ளிச் சீருடை தைத்து, அந்தக் காரிலேயே கொண்டுபோய்க் கொடுப்பவர். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. ரயில் பாலத்துக்கு அடியில தண்ணியில நின்னுடுச்சு. அப்புறம் சாவியத் தொடவே இல்ல. நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க?"

என் தலைக்கு மேல் சுவரிலிருந்த தாளைக் காட்டினார். அதை எழுதியது நான்தான். 'தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே ஏதாவது வளையும்.' வகுப்பில் அந்தப் பாடம் நடந்த வாரமே பெருமையாக எழுதி ஒட்டினேன்.

"தள்ள வந்தவங்கள்ல ஒருத்தர், 'ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க'ன்னாரு. 'உங்க வண்டியப் போய்ப் பண்ணிப் பாருங்க'ன்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒருவராவது தாளைப் படித்திருக்கிறாரே என்று சந்தோஷம் வேறு. அவருக்குப் பின்னால் நனைந்த ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவசரத்தில் மூன்று சொற்களை எழுதி அட்டையைச் செருகினேன். சொன்னபடியே எழுதவேண்டும் என்பது விதி. அவர் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன்.

இன்று காலை அந்த அட்டை சித்தப்பா கைக்குப் போயிற்று. பட்டறையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். திருப்புளியின் முனையை எஞ்சின் மேலும் பிடியைக் காதிலும் வைத்து நோய் சொல்வார். நானும் அங்கே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். உறவுமுறையெல்லாம் வாசலோடு சரி என்பது மேலாளரின் கட்டளை.

அதற்கு முன் அவர் பார்த்த இரண்டு வண்டிகளும் தெருவில் நிறுத்தி வைத்திருந்தபோது மழைநீர் சூழ்ந்தவை. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, பேட்டரிதான் போயிருந்தது. இதுவும் அப்படித்தான் தண்ணீரில் நின்றது என்று எடுத்துக்கொண்டார். வேறு பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்ப செல்ஃப் அடித்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். "அடிக்காதீங்க! அடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் இரண்டாவது முறை திருப்பிவிட்டார். எஞ்சின் பிடித்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல இரண்டு நொடி அலறிவிட்டு அடங்கியது.

அதற்கப்புறம்தான் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். நான்கு கிளிப்புகள். கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே ஃபில்டர் பிழியாத துணிபோல் கனத்துக் கிடந்தது.

"நின்றதுன்னுதான எழுதியிருக்க?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஓடும்போது நின்னுடுச்சு!"

"அத எங்க எழுதியிருக்க? நிறுத்தி வச்ச வண்டியும் நின்னுக்கிட்டுதான் இருக்கும்."

"நாலு கிளிப் சித்தப்பா! நாலே நாலு கிளிப்பக் கழட்டிப் பாக்க உங்களுக்குக் கை வலிச்சுதா?"

"நாலாவதா ஒரு சொல்லு எழுத உனக்குக் கை வலிச்சுதா?"

பட்டறையில் எல்லோரும் ஸ்பேனரோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் சித்தப்பா என்று சொல்லிவிட்டது உறைத்தது. சொன்னதற்காக வருத்தப்படவில்லை. அவர் கேட்டது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

மதியத்துக்குள் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைத் தள்ளும் ராட் ஒன்று வளைந்திருந்தது.

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அட்டை அவர் முன்னால் இருந்தது.

"கீழ ஒரு வரி சேர்த்துடு. 'செல்ஃப் அடித்ததால் ராட் வளைந்தது.' அவ்வளவுதான்."

"யாரு அடிச்சாங்கன்னு எழுத வேண்டாமா சார்?"

"எதுக்கு? இதுல ஒரு சொல்லு பொய்யா? செல்ஃப் அடிச்சது உண்மை. ராட் வளைஞ்சது உண்மை."

"படிக்கிறவங்க அந்த அக்காதான் அடிச்சாங்கன்னு நெனப்பாங்க."

"நெனச்சா அது அவங்க பாடு."

படிக்கப் போவது இன்சூரன்ஸ்காரர். தண்ணீரில் நின்ற வண்டியை உரிமையாளரே ஸ்டார்ட் செய்திருந்தால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள், எஞ்சின் தையல்காரம்மாவின் தலையில் விழும். பட்டறை செய்தது என்றால் பட்டறைதான் சரிசெய்து கொடுக்க வேண்டும். இது எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா?

"டாக்டர் உனக்குச் சித்தப்பாதான?" என்று சிரித்தார், அட்டையை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. "அவரையும் கொஞ்சம் நெனச்சுக்கோ."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எழுவாய் இல்லாமலும் வாக்கியம் எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதை வைத்து ஒருத்தரின் பிழைப்பில் மண்ணைப் போடலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

நான் அட்டையோடு என் மேசைக்கு வந்தபோது தையல்காரம்மா எதிரே நின்றார். காரில் கிடந்த சீருடைக் கட்டுகளை எடுத்துப்போக வந்திருந்தார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. வண்டி கெடச்சிடும்ல? நான்தான் சாவியத் தொடவே இல்லயே."

'தொடவே இல்லயே.' யார் என்ன சொன்னாலும் கேட்காமல், தண்ணீரில் இறங்கி நின்று, நான் எழுதியதை நம்பிய பெண். அந்த நம்பிக்கையை எடுத்து அவர் மேலேயே திருப்பி அடிக்கச் சொல்கிறார் அந்த ஆள். பேனாவை எடுத்து, அடியிலிருந்த நகல் வரை பதியும்படி அழுத்தி எழுதினேன்: "வண்டி ஓடும்போது தண்ணீரில் நின்றது. பட்டறையில் நாங்கள் செல்ஃப் அடித்ததால் ராட் வளைந்தது." எழுதி முடித்ததும் நகலைச் சரக்கென்று கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். மேலாளர் அறையிலிருந்து வெளியே வருவதற்குள் அது மடிந்து பைக்குள் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். தையல்காரம்மாவோ நின்ற இடத்திலேயே படித்தார், ஒவ்வொரு சொல்லாக.

"நாங்கள்னா யாரு?"

மேலாளரைக் கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நானும் ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறேன்.

"நான்தாம்மா," என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். சித்தப்பா வெளியே வந்தார். "செல்ஃப் அடிச்சது நான்."

"பாதிய விட்டுட்டு எழுதினது நான்," என்றேன். அவர் முந்திக்கொண்டதில் எனக்கு அப்போதும் கோபம்.

தையல்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"நல்லா இருக்கே! ஒருத்தர் எழுதிக் கெடுத்தீங்க, ஒருத்தர் அடிச்சுக் கெடுத்தீங்க. நான் என்ன பாவமன்னிப்பா கேட்டேன்? வண்டியக் கேட்டேன்!" வாசலுக்கு வந்திருந்த மேலாளரிடம் நகலை நீட்டிக் காட்டினார். "இதுல உங்க ஒர்க்‌ஷாப் பேரு மேலயே அச்சடிச்சிருக்கு. திங்கக்கிழமை காலையில வருவேன். என் வண்டி இல்லன்னா வேற ஒரு வண்டி நிக்கணும். ஓடுற வண்டி!"

மேலாளர் தலையை ஆட்டினார். வேறு வழியில்லை. தையல்காரம்மா போனதும் என்னிடம், "உங்கிட்டத் திங்கக்கிழமை பேசிக்கிறேன்," என்றார். பேசட்டும்.

நான்கு மணிக்குச் சித்தப்பா வந்து, துடைத்த வளைந்த ராடை என் மேசை மேல், மற்ற அட்டைகளின் மீது 'டங்'கென்று வைத்துவிட்டுப் போனார். காற்றில் அட்டைகள் பறக்காமல் இருக்கட்டும் என்றா, என் கண் முன்னால் இருக்கட்டும் என்றா, தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஒருவர் குடையை உதறிக்கொண்டே வந்தார்.

"வண்டி தண்ணியில நின்னுடுச்சும்மா."

"ஓடும்போது நின்னுச்சா, நிறுத்தி வச்சிருந்தீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? நின்னுச்சுன்னா நின்னுச்சுதான்!"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன்.