அக்கரையில் இறங்கியவள்

"பாலம் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல துணியை மடிச்சு வை" என்றாள் மாமியார்.

மருமகள் மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். காயலுக்கு அக்கரையில் அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாள். பாலம் இல்லாத காலத்தில் அவள் போகக் கேட்டபோதெல்லாம் "காத்து சரியில்ல, படகுல வேணாம்" என்று தட்டிக் கழித்தார்கள். பாலம் திறந்தபின் பேச்சு மாறியது. "இப்பத்தான் கூப்பிடு தூரமாச்சே, எப்ப வேணாலும் போகலாம்." அந்த எப்போது மட்டும் வரவேயில்லை.

அன்று மாலை குடும்பமே பாலத்தை வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. நினைத்தபோதெல்லாம் தாய்வீட்டுக்கு வந்துபோகும் நாத்தனாரும் காரில் ஏறிக்கொண்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர். "என்னமா காத்து வருது" என்று மாமனார் கண்ணாடியை இறக்கினார். மருமகளுக்குக் காற்றும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. இருக்கை நுனிக்கு வந்திருந்தாள்.

பாலம் முடிந்ததும் கணவன் காரைத் திருப்பப் பார்த்தான்.

"அடுத்த தெருதாங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

"வெறுங்கையோட போய் நின்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? இன்னொரு நாள் முறையா போகலாம்" என்றாள் மாமியார்.

மருமகள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்தான். "அம்மா சொல்றதும் சரிதானே."

எதிரே லாரி வந்ததால் கார் நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?" என்றான் கணவன்.

"எங்க அம்மாவைப் பாக்க. அவங்க எழுந்து நடமாடுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பின்னால் ஹாரன் அடித்தது. அவள் திரும்பாமல் நடந்தாள். தெரு முனையில் ஓடவே தொடங்கிவிட்டாள்.

கட்டிலில் அம்மா பாதியாக இளைத்திருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மறுகணமே பார்வை வாசலுக்குத் தாவியது.

"மாப்பிள்ளை வரலையா? அவங்க வீட்ல கேட்டுட்டுதானே வந்த?"

கைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டு வந்தேம்மா. கேட்டுட்டு வரல."

அம்மா பதறி எழ முயன்றாள். மகள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சிக்குப் பிடித்த தலைமுடியை விரலால் மெல்லப் பிரிக்க ஆரம்பித்தாள்.