ஏழாம் கிணற்றின் வெந்நீர்

அந்த எண்ணெய் வயலின் மேலாளருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. குடிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை. பூமிக்கடியிலிருந்து எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு ஏறிவருமே, அந்த வெந்நீரை. அழையா விருந்தாளியாக நுழைந்து, ஆண்டுக்கு ஆண்டு பெருகி, ஏழாம் கிணற்றில் இப்போது பத்து வாளிக்கு ஒன்பதரை வாளி அதுதான். சிமெண்ட் ஊற்றிக் கிணற்றை மூடிவிடுவது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்தாயிற்று. மூடினால் மேலாளருக்கு நடுக்கடலில், துளையிடும் மேடையில் வேலை. படகைப் படத்தில் பார்த்தாலே குமட்டுகிற மனிதர் அவர்.

காப்பாற்ற வந்தவள் அவர் மனைவியின் தங்கை. பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்காரி. இத்தனை வருஷமும் அவளை “வெந்நீர் டாக்டர்” என்று கேலி செய்ததே இவர்தான்.

“நீங்க வேண்டாம்னு தள்ளுற தண்ணியே எனக்குப் போதும் மாமா. கிணத்து வாயில நூறு டிகிரி இருந்தா, சின்ன டர்பைன் வச்சு கரண்ட் எடுத்துடலாம். கிணறு பிழைச்சுக்கும்,” என்றாள்.

சோதனை நாளன்று தலைமை அலுவலக அதிகாரியும் வந்து நின்றார். வெந்நீர் டாக்டர் குழாயில் வெப்பமானியைச் செருகினாள். எழுபது. தட்டிப் பார்த்தாள். அப்போதும் எழுபதுதான். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்போ சிமெண்ட் லாரிக்குச் சொல்லிடலாமா?” என்று அதிகாரி போனை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார்!” என்றவள் மாமாவை ஓரமாக இழுத்துப் போனாள். “தண்ணி ஏன் இப்படி நூலு மாதிரி வருது?”

மேலாளர் தலையைச் சொறிந்தார். “பெரியவங்க வர்றாங்களேன்னு காலையில வால்வை முக்கால்வாசி மூடச் சொன்னேன்.”

எண்ணெய்க்காரர்களின் பழக்கதோஷம் அது. மெதுவாக இழுத்தால் தண்ணீர் குறையும், எண்ணெய் கொஞ்சம் கூடித் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோமே, அப்படித்தான்.

“அய்யோ மாமா! மெதுவா வந்தா சூட்டையெல்லாம் வழியில பாறைக்கே குடுத்துட்டுல்ல வரும்! எனக்கு வேண்டியதே தண்ணிதான். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே!”

“முழுசாத் திறந்தா வெறும் தண்ணியாக் கொட்டுமே. அவர் முன்னாடி என் மானம் கப்பலேறிடும்.”

“திறக்கலைன்னா நீங்களே கப்பலேறணும்.”

மேலாளர் வால்வுப் பக்கம் திரும்பினார். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் சொல்லாத சொல்லை வாய்விட்டுக் கத்தினார். “தண்ணி வரட்டும்!”

வால்வுக்காரர் காதைக் குடைந்துகொண்டார். “எது வரட்டும் சார்?”

“தண்ணிதான்யா! எவ்வளவு வருதோ அவ்வளவும் வரட்டும்!”

வால்வு திறந்ததும் குழாய் அதிர்ந்தது. எழுபது எண்பதாயிற்று. மதியச் சாப்பாடு பொட்டலத்திலேயே ஆறியது. கிணறு மட்டும் சூடேறிக்கொண்டே போனது. நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றபோது மேலாளர் வால்வுக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. முதன்முதலாக எண்ணெய் பீறிட்ட நாளில்கூட அவர் அப்படிக் குதித்ததில்லை.

அதிகாரி லாரி வேண்டாமென்று போனில் சொல்லிவிட்டு, கண்ணாடிக் குடுவையில் பிடித்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே கறுப்பாக ஏதோ மிதந்தது.

“இதுல எண்ணெயும் கலந்து வருதே?”

“கொஞ்சம்தான் சார் வருது,” என்றார் மேலாளர், மன்னிப்புக் கேட்கிற குரலில். “எப்படியாவது வடிகட்டித் தள்ளிடறோம்.”