ஏழாம் நம்பர் கணினி

வகுப்பில் சேர்ந்து ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன. சிவசக்தி இன்னும் மவுஸைக் கையில் பிடிக்கவில்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. வயது முப்பத்தெட்டு. பிள்ளைகளின் எடை, உயரம், ஊசி போட்ட விவரம் எல்லாவற்றையும் இனிமேல் கணினியில்தான் அனுப்ப வேண்டும் என்று தோட்டத்து ஆபிசில் சொல்லிவிட்டார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பசறை வழியாகப் பதுளைக்கு வந்து, ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்த ஆறு மாதக் கணினி வகுப்பில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மாணவர்கள், ஓடுகிற கணினிகள் ஆறு. ஒன்றுக்கு இரண்டு பேர். சிவசக்தியின் பக்கத்தில் லதுஷா. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கெட்ட பிள்ளை இல்லை. கை மட்டும் வேகம்.

"அன்ரி, நீங்கள் பாருங்கோ. நான் டக்கெண்டு செய்து காட்டுறன்" என்பாள். செய்தும் முடித்துவிடுவாள். சிவசக்தி தலையாட்டிக்கொண்டே கொப்பியில் எழுதிக்கொள்வாள். கொப்பியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரம், வகுப்பு நடத்தும் ஹம்ஸியா மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு ஃபோல்டர் செய்து அதற்குப் பெயர் வைக்கச் சொன்னாள். சிவசக்தியின் முறை வந்தது. மவுஸைப் பிடித்தாள். வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு இடப்பக்கம் ஓடியது. மேலே தள்ளினால் கீழே இறங்கியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் மவுஸைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வயர் மணிக்கட்டுப் பக்கம் கிடந்தது.

லதுஷா சிரிக்கவில்லை. மவுஸை அவள் கையிலிருந்து எடுத்துத் திருப்பி, அப்படியே ஃபோல்டரையும் செய்து, பெயரையும் வைத்துவிட்டாள். சிரிப்பைவிட அதுதான் சிவசக்திக்கு உறைத்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் ஹம்ஸியாவிடம் போனாள்.

"மிஸ், அந்த மூலையில இருக்குற ஏழாம் நம்பர்ல நான் ஒக்காரட்டுமா?"

ஹம்ஸியாவுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். "அது பழுது அக்கா. ரெண்டு வருஷமா ஓடல்ல."

"தெரியும் மிஸ். அதுனாலதான் கேக்குறேன். அதுல எனக்கு முன்னால யாரும் கைய வைக்க மாட்டாங்க."

ஹம்ஸியா மேசை லாச்சியைத் திறந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள்.

"முதல்ல பிளக்கக் கழட்டுங்க. கழட்டிட்டு பவர் பட்டன ஒருக்கா அமத்துங்க. உள்ளுக்கு மிச்சமிருக்கிற கரண்ட் போயிரும். எதத் தொடுறதுக்கு முன்னாலயும் இந்த இரும்புச் சட்டத்தத் தொட்டுக்கொங்க. பலவந்தமா எதயும் இழுக்க வேணாம்."

பக்கத்து மூடியைக் கழற்றியதும் உள்ளே தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. ஒரு தூரிகையால் தட்டித் துடைக்கவே அந்த மத்தியானம் முழுவதும் போனது. துடைக்கத் துடைக்க, கொப்பியில் எழுதிவைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக இடம் பிடித்துக்கொண்டன. இது தாய்ப்பலகை. இந்த விசிறிக்குக் கீழேதான் பிராசஸர். குறுக்கே நிற்கும் இந்த இரண்டு பச்சைத் தகடுகளும் ரேம்.

அடுத்த சனிக்கிழமை கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. விட்டுவிட்டு பீப் சத்தம் வந்தது.

"ரேம் சரியில்லண்டு சொல்லுது" என்றாள் ஹம்ஸியா, வேறு மேசையிலிருந்தபடியே.

சிவசக்தி இரண்டு தகடுகளையும் கழற்றி, பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் போட்டாள். மறுபடியும் பீப். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் போட்டாள். பீப். அதை எடுத்துவிட்டு, முதலில் கழற்றியதைப் போட்டாள். சத்தம் நின்று, திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"மிஸ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

ஆனால் எழுத்துகள் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டன. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையைக் காணவில்லை என்று அதற்கு அர்த்தம். ஹார்ட் டிஸ்க்கின் வயரை மாற்றிப் பார்த்தாள், பயனில்லை. டிஸ்க் செத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஹம்ஸியா, வகுப்பு ஆபிசில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினியிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒண்டும் இல்லயாம். அழிச்சிட்டு விண்டோஸ் போடச் சொன்னாரு சேர்."

பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைக் கிளப்பினார்கள். டிஸ்க்கின் பகுதிகள் திரையில் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்த இடம் எவ்வளவு, காலி இடம் எவ்வளவு என்று இருந்தது. 'ஃபோர்மட்' என்பதில் அம்பை வைத்த சிவசக்தி அழுத்தாமல் நின்றாள்.

"மிஸ், ஒண்ணும் இல்லன்னா ரெண்டாவதுல எடம் ஏன் இவ்ளோ கொறையுது?"

"பழைய குப்பை ஏதாவது இரிக்கும் அக்கா."

"பாத்துட்டு அழிப்போமே மிஸ். அழிச்சப்பறம் பாக்க முடியாதுல்ல?"

பிள்ளைக்காம்பராவைப் பூட்டும்போது, எல்லாப் பிள்ளையும் போயாச்சு என்று யார் சொன்னாலும் ஒவ்வொரு தொட்டிலாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். பதினாறு வருடப் பழக்கம். ஹம்ஸியாவுக்கு அவசரந்தான், ஆனாலும் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் இரண்டாவதாக மாட்டினாள்.

உள்ளே வருடப் பெயரோடு மூன்று ஃபோல்டர்கள். திறந்ததும் ஹம்ஸியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருட மாணவர்களின் புள்ளிப் பட்டியல்கள், படங்கள், சான்றிதழ் இலக்கங்கள். கூரை ஒழுகி ஆபிஸ் அலுமாரியிலிருந்த காகிதங்கள் நனைந்தபோது போனது போனதுதான் என்று விட்டவை. சான்றிதழைத் தொலைத்துவிட்டுப் பிரதி கேட்டு வந்தவர்களிடம், திரும்ப வகுப்புக்கு வந்து பரீட்சை எழுதச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புக்குப் பொறுப்பான சேர் வந்து பார்த்தார். "இத யாரு கண்டுபுடிச்சது?" என்றார். ஹம்ஸியா கையைக் காட்டினாள். அவர் சிவசக்தியைப் பார்த்து, "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்கே, பிரதி கிடைக்காமல் திரும்பிப் போன முன்ஸிப் என்ற ஹாலிஎலப் பையனுக்கு போன் பண்ணி வரச் சொன்னார்.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் சிவசக்தி டிஸ்க்கைத் திரும்ப ஏழாம் நம்பரில் மாட்டி 'ஃபோர்மட்'டை அழுத்தினாள். விண்டோஸ் ஏறி முடிய முக்கால் மணி நேரம் போனது. அவளுடைய பஸ்ஸும் போனது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க அவளுக்குச் சலிப்பாக இல்லை.

அடுத்த வாரம் லதுஷா தன் கதிரையை இழுத்துக்கொண்டு அந்த மூலைக்கு வந்தாள்.

"அன்ரி, எனக்கும் உள்ளுக்கு ஒருக்காக் காட்டுங்கோ. நான் இதெல்லாம் படத்திலதான் பாத்தனான்." உட்கார்ந்துகொண்டே, "நான் உங்களை மவுஸ் தொட விடேல்ல என்ன?" என்றாள்.

"ஆமாம்மா, விடல" என்றாள் சிவசக்தி. மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை லதுஷாவிடம் நீட்டினாள். "பிளக்கக் கழட்டிட்டு ஆரம்பிங்க."

பரீட்சையில், வன்பொருள் செய்முறையில் வகுப்பிலேயே கூடுதல் புள்ளி சிவசக்திக்குத்தான். தட்டச்சில் விழுந்துவிட்டாள். நிமிடத்துக்கு இருபது சொல் வேண்டும். அவளுக்குப் பதினொன்றுதான் வந்தது. ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம் என்றார்கள்.

ஓய்வு கிடைக்கிறபோதெல்லாம் தோட்டத்து ஆபிஸ் கணினியில், தன்னிடம் வரும் இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயரையும், அம்மாமாரின் பெயரையும், அவர்கள் குடியிருக்கும் லயத்தின் நம்பரையும் மேலிருந்து கீழாக அடித்து அடித்துப் பழகினாள். மே மாதம் மறுபடி உட்கார்ந்தபோது இருபத்து மூன்று சொல் வந்தது.