ஒரு கடலில் இரண்டு காற்று

1994ஆம் ஆண்டு அந்தோனியார் திருநாளுக்கு, முல்லைத்தீவுக் கரையோரக் கோயிலொன்றில் கூத்து மேடையேற இருந்தது. அதற்குப் பின்திரையாகக் கடற்காட்சி ஒன்று வேண்டுமென்று பங்குத் தந்தையான சுவாமி இருவரைக் கேட்டிருந்தார். ஒருவன் நான், கிளிநொச்சியிலிருந்து மாற்றலாகி வந்த சித்திர ஆசிரியன், முறைப்படி பயின்றவன். மற்றவர் கருவாடு போடும் ஆன்சலா. இருவரும் மாச்சாக்குத் துணியில் மாதிரி வரைய வேண்டும், சிறந்ததே திரையாகும். அதை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நானே முதலில் முடித்தேன். நீலக் கடல், கரையில் தென்னை, பாய் விரித்த வள்ளம். ஆன்சலாவின் கணவர் ஸ்ரனிஸ்லஸ் தோளில் வலையுடன் வந்து நின்று பார்த்தார்.

“மாஸ்டர், இது எந்தக் காத்து?”

“காத்தோ?”

“தென்னை கரைப்பக்கம் சாயுது. அப்ப காத்து கடலில இருந்து வருது, வாடை. பாய் கடல்பக்கம் ஊதியிருக்கு. அப்ப கரையில இருந்து போகுது, சோளகம். உங்கட கடலில ரெண்டு காத்தெல்லோ அடிக்குது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே ‘ரெண்டு காத்து மாஸ்டர்’ என்றாகிவிட்டது.

அன்று மாலை ஆன்சலா வந்தார்.

“குறை நினையாதேங்கோ மாஸ்டர். உங்களிட்டை வெள்ளை கிடக்கோ? விடியக் கடலில ஒரு மினுக்கம் விழும். அதுக்கு மட்டும்.”

போர்த் தடையால் வர்ணங்கள் வராத காலம் அது. அவர் சீலைக்குப் போடும் நீலம், மஞ்சள், விளக்குக் கரி ஆகியவற்றைக் கொண்டே வரைந்துகொண்டிருந்தார். என் சட்டைப்பையில் பாதி தீர்ந்த வெள்ளை வர்ணக் குழாய் இருந்தது.

“மன்னிக்கவேணும், முடிஞ்சுபோச்சு,” என்றேன், மிகுந்த பணிவுடன்.

மூன்றாம் நாள் அவருடைய துணியைக் கோயில் மண்டபத்தில் கண்டேன். வெளிச்சம் விழும் இடத்தில் அவர் எதையுமே பூசவில்லை. கரிய நீலத்துக்கு நடுவே, வெளுத்த சாக்குத் துணியே அலையலையாக மினுங்கியது. இத்தனை ஆண்டுகள் கற்ற எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

சுவாமி தேர்வுசெய்ய வர இன்னும் சற்று நேரம் இருந்தது. அருகில் நின்ற ஆன்சலாவிடம் குழாயை நீட்டினேன்.

“வெள்ளை கிடைச்சிட்டுது. அந்த இடம் வெறுமையாக் கிடக்கு, பூசிவிடுங்கோ.”

பூசினால் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆன்சலா மூடியைத் திறந்து பார்த்தார். பின்பு என் சட்டைப்பையைப் பார்த்தார்.

“அண்டைக்கும் உங்கட பையில இந்த வெள்ளை ஊறியிருந்தது மாஸ்டர். நான் ஒண்டும் கதைக்கேல்லை.” மூடியைத் திருகி, குழாயை என் கையிலேயே வைத்தார். “நீங்கள் இல்லையெண்டதாலதான் துணியைச் சும்மா விட்டனான். விட்டாப்பிறகுதான் விடிஞ்சது. இது உங்களுக்குத்தான் வேணும். அந்தப் பாயைத் திருப்புங்கோ.”

சுவாமி அவருடையதையே தேர்ந்தார்.

என் துணியோடு வீடு சென்று, பாயை வெள்ளையால் அழித்துத் திருப்பி வரைந்தேன். காற்று சரியாயிற்று. மிச்ச வெள்ளையைக் கடலில் மினுக்கமாகப் பூசிப் பார்த்தேன். அது வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது.

திருநாளன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். கூத்தில் யார் என்ன பாடினார்கள் என்பது நினைவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.