மரம் எங்கேயும் போகவில்லை

1

இந்தக் கதை ஒரு ரிப்போர்ட்டிலிருந்து வந்தது. 1972இல், ஒரகடம் பக்கம் ஏரிக்கரையில் மின்கோபுரம் நட இடம் பார்த்த குமாஸ்தா எழுதியது: 'குடிசைகள் எட்டு. பாழடைந்தவை. ஆட்கள் எவரும் இல்லை.'

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். 'மாசிப் பௌர்ணமி கடல்மேல் எழுந்தபோது...' வேண்டாம். அந்தக் கடற்கரைக்கு நான் போனதில்லை.

2

குமாஸ்தாவுக்குச் சுப்பராயன் என்று பெயர் வைக்கிறேன். (நல்லவரா? இன்னும் முடிவு செய்யவில்லை.) குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. சட்டி பானைகூட இல்லை. எழுதிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

அந்தக் குடிசைகள் இருளர்களுடையவை. மாசி மகத்துக்கு அவர்கள் தங்கள் தெய்வமான கன்னியம்மாளைக் கும்பிட மகாபலிபுரம் போவார்கள். கைக்குழந்தை வரைக்கும் எல்லோரும். மணலில் பொங்கச் சட்டி பானையும் கூடவே போகும்.

திரும்பி வந்த மாரி பார்த்தது, தன் குடிசை வாசலில் அடித்திருந்த அளவு முளையை.

3

தண்டலத்தில் மின்வாரியத்தின் முகாம் ஆபீஸ். மாரியும் மனைவி செங்கமலமும் வெளியிலேயே நின்றார்கள்.

"அன்னிக்கு ஆளே இல்லியேப்பா" என்றார் சுப்பராயன்.

"நீங்க திருப்பதி போனா, உங்க வூட்டப் பாழுன்னு எழுதுவாங்களா சாமி?"

"பட்டா கீதா?"

செங்கமலம் சிரித்தாள். "பக்கத்து மாந்தோப்புக்கு நஷ்டஈடு குட்த்தீங்களே. மரம் எங்கியும் போவல, அதானே?"

மாரி அவளை அடக்கினான். "குடி இருக்கோம்னு மாத்தி எழுது சாமி. வேற இடமாச்சும் குடுப்பாங்க. இல்லேன்னா எங்க போவோம்?"

இஞ்சினீயர் உள்ளிருந்து சொன்னார்: "மாத்தினா, கோபுரத்துக்குக் கோபுரம் ஆள் வந்து நிப்பான்யா. லைன் எப்பப் போய்ச் சேர்றது?"

சுப்பராயன் பேனாவை எடுத்தா

(அடித்துவிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் நான் கற்பனை செய்தது சுப்பராயன் என்ற பெயரை மட்டும்தான். பேனாவை எடுக்காத கை என்னுடையது.)

4

எட்டுக் குடும்பத்துக்கும் குன்றத்தூர்ப் பக்கம் இடம் கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். மாரி முளைகளைப் பிடுங்கி எறிந்ததாக இன்னொன்று. இரண்டும் எனக்கு ஆறுதலாக இருந்தன. அதனாலேயே கிழித்தேன். கோபுரம் எழுந்து நின்றது. அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவர்களைப் பற்றி ஒரு முறை எழுதி முடித்தவன் நான். மறுபடியும் முடிக்க மாட்டேன்.

குடும்பத்துக்கு ஒன்றாகக் கீழே எட்டு வரி விட்டிருக்கிறேன். மாரி, செங்கமலம் என்று முதல் வரியை நிரப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்ற ஏழு வரியையும் நீங்கள் தேடிப் போய்க் கேட்டு எழுதுங்கள். குடிசை காலியாக இருந்தால், மாசி மாதமா என்று பாருங்கள்.

அப்படியானால், காத்திருங்கள்.

1. மாரி, செங்கமலம்
2. ________
3. ________
4. ________
5. ________
6. ________
7. ________
8. ________