பலகையின் ஓரத்தில் ஒரு நாற்காலி

1

இந்தக் கதையில் எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஒரு கேள்வி மட்டும்தான்.

ஹெட்ஃபோன் வயரைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்பீக்கர் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பைமேல் லிஃப்ட் கம்பெனி ஒன்றின் பெயர் தைத்திருந்தது. மேசைமேல் கனத்த ஒலிக்கான வூஃபர் ஸ்பீக்கர்கள் இரண்டு, இரண்டும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியவை. அவற்றின் நடுவே அதிரும் காகிதக் கூம்புகளை மாறி மாறி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்:

“அண்ணே, இதுல எதைப் போட்டா என் வீட்டுல கதவை மூடாம இருப்பாங்க?”

கடைக்காரர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. என்ன கதவு, யார் மூடுகிறார்கள் என்று நான் விசாரித்திருக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் எனக்குப் பேச்சு வராது. வயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விசாரித்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: ‘ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம், அது ஊடகத்தின்…’ (விட்டுவிட்டேன். பரீட்சைத்தாள் வாடை.)

இரண்டாம் தொடக்கம்: ‘லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு இசை பிடிக்காது.’ (பிடிக்காது என்று யார் சொன்னது? பார்க்காத ஒருத்தியின்மேல் இப்படிப் பழி போடலாமா?)

மூன்றாவது. இதோடு போகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு, தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. காலை முதல் காதில் ஹெட்செட். யார் கத்தினாலும் “சொல்லுங்க சார்” என்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அவர் பாட்டுப் போடுவார். பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள். பேஸ் என்கிற அந்தக் கனத்த ஒலி சுவரில் மோதி அறை முழுக்கத் ததும்பும். ஒரு பாட்டு முடியும்வரை பொறுத்திருப்பாள். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவை மூடிக்கொள்வாள்.

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லைங்க. ஊர்க் கோவத்தையே நாள் பூரா கேட்டாச்சு, என் கோவத்துக்கு எங்க எடம்? நீங்க கேளுங்க. எனக்கு நெஞ்சுல இடிக்குது, அவ்வளவுதான்.”

இருவரும் சேர்ந்திருக்க நாளில் அந்த மாலை ஒன்றுதான் இருந்தது. அதன் நடுவில் ஒரு கதவு.

(பாட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்ததே என்பீர்கள். நிறுத்திப் பார்த்தார். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளே வந்து போட்டுவிட்டாள்: “மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு அந்த இடியே பரவாயில்லை.”)

(இன்னொன்று. அவருக்கு ‘அவர்’, அவளுக்கு ‘அவள்’. எழுதும்போதே உறுத்துகிறது. மாற்றிப் பார்த்தேன், அவள் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டாள். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

3

குற்றம் பெட்டியின்மேல் என்று அவர் முடிவு கட்டினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் உறுமுகிறது. பெட்டியே இல்லாமல், ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டு வூஃபரை மாட்டினால் முதுகுப்பக்கம் திறந்தே இருக்கும், உறுமல் போய்விடும். இனிக் கடைக்குத் திரும்பலாம்.

“காந்தம் பெருசா இருக்கே, அதையே குடுங்கண்ணே.”

“காந்தத்தைப் பார்த்து மயங்காதீங்க. அது பெட்டிக்குள்ள போக வேண்டியது. கூம்பை இறுக்கிப் பிடிச்சுக்கும். வெறும் பலகைல மாட்டினா பாட்டு பட்டினி கிடந்த மாதிரி மெலிஞ்சு வரும். இதைப் பாருங்க, சின்னக் காந்தம். கூம்பு தாராளமா ஆடும். பலகைக்கு இதான்.”

“ஆடிக்கிட்டே இருந்தா சீக்கிரம் கெட்டுடாதா?”

“இறுக்கிப் பிடிச்சா மட்டும் எதுவும் நிலைச்சிடுமா?”

(கடைக்காரர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்ல வைத்தது. அழகாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. அவர் சொல்லியிருக்கக்கூடியது: “அதெல்லாம் கெடாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க.”)

4

கால் வைத்த இடுப்புயரப் பிளைவுட் பலகைகள் இரண்டு. பின்சுவரை ஒட்டி வைத்தால் ஒலி கெடும் என்பதால் கூடத்தின் நடுவரைக்கும் வந்து நின்றன.

“வந்தவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க,” என்றாள் மனைவி. “உக்காரச் சொல்லுங்க, பாவம்.”

“கிண்டலா?”

“காபி குடிப்பாங்களான்னு கேட்டேன்.”

கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனாலும் பேஸ் போதவில்லை. கூம்பின் பின்னால் கிளம்பும் ஒலி, பலகையின் ஓரத்தைச் சுற்றி முன்னால் வந்து முன்னொலியைத் தின்றுவிடுகிறது; முதலில் பறிபோவது பேஸ். அதை ஈக்வலைசரில் ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும்.*

* சும்மா ஏற்றிவிட முடியாது. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்தைத் தரத் திறந்த பலகையில் கூம்பு எட்டு மடங்கு தூரம் ஆட வேண்டும். வரம்பு தாண்டிக் கேட்டால் ‘டக்’கென்று இடித்துக்கொள்ளும். (மனிதர்களும் அப்படித்தான் என்று… இல்லை. இது அடிக்குறிப்பு.)

தன் நாற்காலியில், தலை இருக்கும் உயரத்தில் மைக்கைக் கட்டினார். அவள் வேலைக்குப் போயிருந்த தன் விடுமுறை நாட்களில், மைக் கேட்டதைக் கணினித் திரையில் வரைந்த ஒலியளவுக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். ஐம்பது ஹெர்ட்ஸில் ஏற்றினார், கூம்பு இடித்தது, இறக்கினார். முப்பதுக்குக் கீழே உள்ளதை வெட்டி எறிந்தார். அதைத் துரத்தினால் கூம்புக்குத்தான் அடி. ஒரு வழியாகக் கோடு மட்டமாயிற்று, இரண்டு மாடிக்கு நடுவில் நிற்காமல் வாசலுக்கு நேராக நின்ற லிஃப்ட் மாதிரி.

அன்று மாலை பாட்டுப் போட்டார். ஒரு பாட்டு முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டும் முடிந்தது. மடிக்கத் துணி தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஒருநாள் முழுக்க முடித்தும் வைத்திருந்தேன். பிறகு அந்த அறையைத் தாளில் வரைந்து பார்த்தேன். கதை முடியாதது தெரிந்தது.

பலகைகள் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையை ஜன்னல் பக்கம் நீட்டினால், கோடு நேராக அவள் நாற்காலியில் போய் நிற்கிறது. திறந்த பலகைக்கு முன்னும் பின்னும்தான் ஒலி. பக்கவாட்டில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே பாட்டு மெல்லக் கேட்கும், இடி இருக்காது. மைக்கைத் தன் தலைக்குப் பதில் ஒரே ஒருமுறை அவள் தலை இருக்கும் இடத்தில் கட்டியிருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கும்.

தெரியாமலே நாட்கள் போயின. அவர் கேட்கிறார், அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மாலை பெருமை தாங்கவில்லை.

“பேஸ் எப்படி?”

“எது, அந்த இடியா? அதுதான் போயிடுச்சே.”

“போயிடுச்சா? இப்பதான் சூப்பரா வருது!”

“எனக்கு வரலையே.”

எழுந்து போய் அவள் நாற்காலியருகே குந்தி, அவள் தலையோடு தலை வைத்துக் கேட்டார். பலகைகளைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, ஓரம் மட்டும்.

“அடடா! இத்தனை நாளா ஒண்ணுமே கேக்காத எடத்துல உக்காந்திருக்கியேம்மா. சொல்லக் கூடாதா? இரு, பலகையைக் கொஞ்சம் இப்படித் திருப்பிட்டேன்னா…”

பழுது கண்டால் கை சும்மா இருக்காது அவருக்கு. எட்டிப் பலகையைப் பிடித்துவிட்டார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“திருப்பாதீங்க.”

“ஏன்?”

“இங்க உக்காந்தாத்தான் பாட்டு என்னைத் தள்ளாம இருக்கு. நீங்களும் தெரியறீங்க.” பிறகு, குரல் இறங்கி: “எனக்காகத்தானே இந்த எடத்தை இப்படிச் செஞ்சு வச்சீங்க?”

6

அவர் என்ன பதில் சொன்னார்?

(அ) “ஆமா.” பொய். நல்ல பொய். ஆனால் அவள் நாள் முழுக்கக் குரல்களைக் கேட்கிறவள். ஒரு நொடி பிசகினால் கண்டுபிடித்துவிடுவாள்.

(ஆ) “இல்லம்மா. எனக்குத் தெரியவே தெரியாது.” உண்மை. அவள் சிரித்துவிடுவாள் என்று எழுதினேன். சிரித்தாள்தான். ஆனால் நாளை மாலை அந்த நாற்காலி வெறும் நாற்காலியாகிவிடுமோ என்று எனக்கே பதறியது.

(இ) ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வசதியான முடிவு. அதனால்தான் நம்பிக்கை இல்லை.

(ஈ) “மொதல்ல தெரியாது. இப்ப…” (இதை முடிக்கத் தெரியவில்லை.)

பதிலை நீங்கள் எழுதுங்கள். கடையில் அவரிடம் பேசியிருக்கக்கூடியவர் நீங்கள். எதை எழுதினாலும் அடுத்து வரும் பத்தியோடு அது பொருந்த வேண்டும். அதை மட்டும் நான் எழுதிவிட்டேன், மாற்றுவதாக இல்லை:

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவர் ஒரு சாக்பீஸை எடுத்தார். வீடு பெருக்கும்போது நகர்ந்தாலும் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டுமே என்று, பலகைகளின் கால்களைச் சுற்றித் தரையில் கோடு போட்டார். பிறகு முழங்காலிலேயே நகர்ந்து ஜன்னலோரம் போய், நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் போட்டார்.