நாலு பேர் வளைவு

கல்வராயன் மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர் இருமினால்தான் ஆள் இருப்பதே தெரியும். அப்படியொரு பனியில், பொழுது புலர்வதற்கு முன்பே, அமுதா கல் சுமந்துகொண்டிருந்தாள். சும்மாடு நனைந்து காதுக்குப் பின்னால் சேறு வழிந்தது. சட்டியில் கல் ஏற ஏறக் கழுத்து நரம்பு விண்ணென்று இழுத்தது. ரோட்டைத் தாண்டிப் போய்க் குழிக்குள் கொட்டிவிட்டுத் திரும்பினால், அடுத்த சட்டி தயாராக இருந்தது.

குழி சிலைக்கு. அடியில் கல் பரப்பி, மேலே கலவை கொட்டி, அதன்மேல் பீடம். பீடத்தின்மேல் ரோடு காண்ட்ராக்டர் தெய்வசிகாமணி. போன வருடம் ஆஸ்பத்திரி மெத்தையில் செத்துப்போனவர், அடுத்த வாரம் இங்கே வெண்கல முலாமில் எழுந்து நிற்கப் போகிறார். ‘மலைக்கு ரோடு தந்த வள்ளல்’ என்று கல்வெட்டும் தயார். ரோட்டுக்குப் பணம் தந்தது அரசாங்கம். பாறையை உடைத்தது கூலிக்காரன். இரண்டுக்கும் நடுவில் நின்று எடுத்துக்கொண்டவர் தெய்வசிகாமணி. நடுவில் நின்றவனுக்குத்தானே இந்தக் காலத்தில் சிலை!

அமுதாவின் மடியில் இன்னொரு கல் இருந்தது. அடிவாரத்தில் பொறுக்கியது. வேனிலிருந்து இறங்கியதுமே அவள் மேஸ்திரி ஜீவாவிடம் கேட்டாள்.

“குவியல் எங்க மேஸ்திரி? கண்ணுக்கே ஆம்படல?”

“மண்ணு தோண்டிப் போட்டுக்கீது, அதுக்கு அந்தாண்ட இருக்கும். வெளிச்சம் வரட்டும். இப்ப குவாரிக் கல்ல தூக்கு” என்றான் ஜீவா. சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் குவியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் இந்த வளைவை அகலப்படுத்தினார்கள். தலைக்குமேல் பாறை பிளவுவிட்டுத் தொங்கியது. “அது நிக்கும், நீ வெட்டு” என்றார் தெய்வசிகாமணி. நிற்கவில்லை. அமுதாவின் புருசன் ராபின், மலைக்காரன் சடையன், வடக்கனந்தல் அஜித்குமார், லாரி கிளீனர் ஷேக் மைதீன் என்று நாலு பேர் அடியில் போனார்கள். அப்படி யாரும் நம்மிடம் வேலையே பார்க்கவில்லை, குடித்துவிட்டு ரோட்டில் நடந்தவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள் என்று காண்ட்ராக்டர் தரப்பு சொன்னது. கேட்க வேண்டியவர்களும் அதையே கேட்டுக்கொண்டார்கள்.

கூட வேலை செய்தவர்கள் மட்டும் விடவில்லை. விழுந்த பாறையின் துண்டுகளையே அந்த இடத்தில் அடுக்கினார்கள். அன்றிலிருந்து மலையேறும் கூலிக்காரர் யாரும் அடிவாரத்தில் ஒரு கல் பொறுக்காமல் வருவதில்லை. குவியலில் வைக்காமல் மேலே போவதில்லை. மலைக்காரர்கள் மஞ்சள் தடவுவார்கள். லாரிக்காரர்கள் ஒரு ஹாரன் கொடுப்பார்கள். கல்லறைத் திருநாளில் அமுதா ஒரு டப்பா சுண்ணாம்போடு வந்து, கைக்கெட்டிய கல்லுக்கெல்லாம் பூசி, அடிக்கல் ஒன்றில் விரலால் சிலுவை இழுத்துவிட்டுப் போவாள். பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு ‘நாலு பேர் வளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாலு பேர் செத்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரையும் கற்களையும் விட்டால் உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

வெயில் கீற்று விழுந்து பனி மெல்ல விலகியது. அமுதா முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

சிமென்ட் மூட்டை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தாலும் சிமென்ட் சாம்பல் நிறம். இது வெள்ளை.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பரப்பிய கற்களில் பாதி வெளுத்துக் கிடந்தன. சிலவற்றில் மஞ்சள். ஓரத்தில் மல்லாந்து கிடந்த பெரிய கல்லில், போன மாதம் அவள் விரலால் இழுத்த சிலுவை.

“அடியே அமிர்தம்!” அவள் குரல் கிழிந்தது. “இன்னாத்தடி சொமந்தோம்? நம்ம கல்லயே நம்ம தலையில வச்சி கொட்டிக்கினு இருக்கோமேடி!”

அமிர்தம், சடையனின் தங்கை, சட்டியை அப்படியே கீழே போட்டாள். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. குவியலை முந்தின நாளே டிப்பரில் அள்ளி ரோட்டின் எதிர்ப்புறம் தள்ளியிருந்தார்கள். மிச்சத்தை இருட்டும் பனியும் மறைத்தன. சுமந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அமுதா குழிக்குள் குதித்துச் சிலுவைக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். “இதுக்கு மேல ஒரு சட்டி வுழாது” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பூபாலனின் கார் வந்தது. தெய்வசிகாமணியின் மகன், இன்றைய காண்ட்ராக்டர். பின்னாலேயே ஒரு மினி லாரி. சிலையின் கால் பொருந்துகிறதா என்று அளவு பார்க்க, நீலத் தார்ப்பாயில் சுற்றிய அப்பாவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“இன்னாமே உக்காந்துக்கினு? வேல நடக்கல?”

“இது எங்க கல்லு.”

“மலையில கெடக்கிற கல்லுக்கு ஓனரா நீ? பட்டா வச்சிக்கீறியா?”

“ஒங்கப்பனுக்கு மட்டும் இந்த வளைவுக்குப் பட்டா கீதா?” என்றாள் அமிர்தம் மேலேயிருந்து.

பூபாலன் அவளை விட்டுவிட்டு அமுதாவிடம் குரலைத் தாழ்த்தினான். “த பாரு. ஒம் மனசு எனக்குப் புரியுது. பீடத்துக்குப் பின்பக்கம் நாலு பேரையும் சின்னதா எழுதித் தரேன். போதுமா?”

சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாடு வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். யாரும் கேட்காமலே விலையை ஏற்றுகிறவன் மாட்டின் அழகைப் பார்த்து ஏற்றுவதில்லை, பயத்தில் ஏற்றுகிறான். அமுதா சந்தைக்குப் போனவள் இல்லை. ஆனாலும் பிடி கிடைத்துவிட்டது.

“பின்பக்கம் எதுக்கு? முன்பக்கம் எழுது. பாற தொங்குதுன்னு சொல்லியும் வெட்டச் சொன்னது யாருன்னு அதுக்குக் கீழ எழுது. ஒங்கப்பா பேர நான் வேணாங்கல.”

“குடிச்சிட்டு வுழுந்தவனுங்களுக்குக் கல்வெட்டு ஒரு கேடா?” பூபாலனின் நிறம் வெளியே வந்துவிட்டது.

அமிர்தம் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “குடிகாரன் கல்லுன்னா சாக்கடையில தூக்கிப் போட்டிருக்கலாமேய்யா. ஒங்கப்பன் காலுக்கடியில வச்சி எதுக்குய்யா பூசுற? எழுந்து வந்துடுவானுங்கன்னு பயமா?”

“பாய்!” பூபாலன் கத்தினான். “மிசின ஓட்டு. கலவையக் கொட்டு. அவ தன்னால எழுந்து ஓடுவா.”

கலவை மிசின் ரியாசுதீனுடையது. கள்ளக்குறிச்சியில் அவரைத் தெரியாத கொத்தனார் கிடையாது. கல்யாணத்துக்கு அழைத்தாலும் “எந்த சைட்டு?” என்று கேட்கிற ஆசாமி. யார் சண்டையிலும் தலையிடாதவர். சண்டை முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் மிசின் வாடகைக்கு விடுகிறவர். அவர் மூட்டையைப் பிரித்து ஜல்லியும் மணலும் தண்ணீரும் விட்டார். டிரம் கடகடவென்று சுற்றத் தொடங்கியது.

அமுதா அசையவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்தாள். “பாய், கொட்டுறதா இருந்தா மூஞ்சப் பாத்துக் கொட்டு.”

ரியாசுதீன் மிசினைத் தள்ளிக்கொண்டு குழியின் விளிம்புக்கு வந்தார். உள்ளே பார்த்தார். வெள்ளையும் மஞ்சளுமாகக் கிடந்த கற்களை நின்று நிதானமாகப் பார்த்தார்.

“மொதலாளி, இந்த ரோட்டுல எத்தினி தடவ மிசின இஸ்துக்கினு போயிருப்பேன் தெரியுமா?”

“அதுக்கின்னா இப்ப?”

“போறப்பல்லாம் ஒரு கல்லு வச்சிட்டு, செத்தவங்களுக்காக பாத்திஹா ஓதிட்டுத்தான் போவேன். என் கல்லும் உள்ளதான் கெடக்குது. என் கல்லு மேல என் மிசின வச்சே கொட்டச் சொல்றீங்க. வாடக ஜாஸ்தியா குடுத்தாலும் கட்டுப்படியாவாது.”

“அப்ப மிசின எடுத்துக்கினு கெளம்பு. இனிமே இந்த ஜில்லாவுல ஒனக்கு ஒரு சைட்டு கெடைக்காது.”

“கெளம்புறேன். டிரம்ல கலவ இறுகிப் போனா மிசின் காலி. எங்கனா கொட்டித்தானே ஆவணும்?”

மிசினைத் திருப்பினார். பிடியை ஒரே சுற்று சுற்றினார். டிரம்மிலிருந்த கலவை முழுவதும் பூபாலனின் காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

பூபாலன் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. போலீசுக்குப் போன் போட்டான். மலையில் சிக்னல் இல்லை. தார்ப்பாய்க்குள் படுத்திருந்த அப்பாவைத் தாண்டி மினி லாரிமேல் ஏறி நின்று கத்தினான். “எல்லாருக்கும் நாளையிலருந்து வேல கெடயாது! வேற ஆளக் கொண்டாந்து இதே குழிய மூடுவேன்!”

“வர்ற ஆளும் கல்லு வச்சிட்டுத்தான் வருவான்” என்றாள் அமிர்தம். சொல்லிவிட்டு அவளும் குழிக்குள் இறங்கினாள்.

பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பெண்கள் குழியிலிருந்து மேலே, மேலிருந்து ரோட்டோரமாகக் குவியல் இருந்த பழைய இடம் வரை வரிசையாக நின்றார்கள். அமுதா எடுத்துக் கொடுக்க, கல் கைமாறிப் போனது. தலையில் தனித்தனியாகச் சுமந்தபோது இருந்த கனம் இப்போது அதில் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளித் தலைகுனிந்து நின்ற மேஸ்திரி ஜீவா கடைசியில் வந்து வரிசையில் ஓர் இடைவெளியில் நின்றான்.

“தெரிஞ்சேதானே சொமக்க வுட்ட?” என்றாள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

“ஆமா. தெரிஞ்சுதான்.”

அவள் காறித் துப்பினாள். துப்பிவிட்டு, கல்லை அவன் கையில் வைத்தாள்.

அப்போது மலைக்குப் போகும் முதல் பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. காரும் கலவையும் வழியை அடைத்திருந்ததால் நின்றது. மினி லாரிமேல் இருந்த பூபாலன் கையை ஆட்டினான். “ரிவர்ஸ் எடு! திரும்பிப் போ!”

கண்டக்டர் படியில் தொங்கியபடி குழியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சுண்ணாம்பு பூசிய கல் ஒன்று கைமாறிப் போவதைப் பார்த்தார். விசிலை ஒரு தடவை ஊதினார். பூபாலனுக்கும் கேட்கும்படி, தேவைக்குமேல் சத்தமாகவே கூவினார்:

“நாலு பேர் வளைவு! நாலு பேர் வளைவெல்லாம் எறங்கு!”

முந்தின நாள் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிய மலைக்காரர்கள், கூடைக்காரிகள், ஒரு வாத்தியார் என்று ஆட்கள் இறங்கினார்கள். சிலருடைய மடியில் ஏற்கெனவே கல் இருந்தது.

கீழ் வளைவிலிருந்து ஜீப் சத்தம் கேட்டது. யார் சொல்லி வருகிறதோ! அமுதா குழியிலிருந்து சிலுவைக் கல்லைத் தானே சுமந்துகொண்டு ஏறினாள். பழைய இடத்தில் இறக்கினாள். மடியில் விடியற்காலையிலிருந்து கனத்துக்கொண்டிருந்த கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

ஜீப் கடைசித் திருப்பத்தில் கியர் மாற்றியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கல்லுக்குக் கை நீண்டது.